பள்ளி நாளை எண்ணிப் பார்ப்பது கணிதமா, வெறும் ஒப்பனையா?

கேள்வி (ஜூன் 8)

மாணவர்கள் தங்கள் அன்றாடப் பள்ளி வாழ்க்கையைக் கணிதத்தின் வழியாக ஆராய வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில் இதன் முடிவு ஒன்றுதான். யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்பார்கள், ஒரு பட்டை விளக்கப்படம் வரைவார்கள், சுவரில் ஒட்டுவார்கள். பாடநூலில் உள்ள அதே கூட்டலும் வகுத்தலும்தான். பெயர்கள் மட்டும் மாறியிருக்கும். இதில் உண்மையான கணிதம் எங்கே இருக்கிறது?

ஜூன் 9

பிடித்த நிறத்தைப் பற்றிய விளக்கப்படத்துக்காக நான் வாதாடப் போவதில்லை. யாரும் அறிய விரும்பாத ஒன்றை எண்ணி, யாரும் நின்று பார்க்காத சுவரில் ஒட்டுவதற்குக் கணிதம் வேண்டாம், பசை போதும். ஆனால் அதன் குறை அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதில் இல்லை. அந்தக் கேள்வி யாருடைய கேள்வியும் அல்ல என்பதில்தான் இருக்கிறது.

யாருடையதும் அல்லாத கேள்வி மாணவனை என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1980 வாக்கில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம், "ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன?" என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் கொடுக்கப்பட்ட எண்களை எப்படியோ சேர்த்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீடு ஒன்றில், 1128 படைவீரர்களை 36 பேர் அமரும் பேருந்துகளில் ஏற்ற எத்தனை பேருந்துகள் வேண்டும் என்று 13 வயதினரிடம் கேட்கப்பட்டது. 1983இல் வெளியான முடிவுகளின்படி, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 32 என்று எழுதியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்று எழுதி முடித்துக்கொண்டார்கள். அந்த மீதிப் பன்னிரண்டு பேர் வெயிலில் நின்றுகொண்டிருப்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, ஏனெனில் அப்படிப் பன்னிரண்டு பேர் இல்லை.

பள்ளிச் சுற்றுலாவுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் பொறுப்பை அதே மாணவர்களிடம் கொடுத்தால், "31, மீதி 12" என்ற விடை வராது. மீதியில் தாங்களும் இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 9, இரவு

மேலே எழுதியதை மீண்டும் படித்தபோது, வினா மாணவர்களுடையதாக இருந்தால் போதும் என்பதுபோல் தொனிக்கிறது. அது போதாது. எதை எண்ணுவது என்று முடிவு செய்யும் வேலையும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். பாடநூலில் எண்கள் ஏற்கெனவே எண்ணப்பட்டு வருகின்றன. கணிதத்தின் கடினமான பாதியை நூலாசிரியரே முடித்துவிட்டார். நாளை ஓர் எடுத்துக்காட்டுடன் வருகிறேன்.

ஜூன் 11

நாளை என்றது இன்றாகிவிட்டது.

இடைவேளையில் குடிநீர்க் குழாயடியில் வரிசை நீளமாக இருக்கிறது என்பது என் மாணவர்களின் நெடுநாளைய முறையீடு. "எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் என்றார் ஒருவர், பத்து நிமிடம் என்றார் இன்னொருவர். இடைவேளையே பதினைந்து நிமிடம்தான் என்று மூன்றாமவர் நினைவூட்டினார். சரி, அளந்து பாருங்கள் என்று விட்டுவிட்டேன்.

இருவர் அளக்கப் போனார்கள். ஒருத்தி புதிதாக வரிசையில் சேர்பவர்களுக்கு ஒரு கோடு வீதம் போட்டுக்கொண்டே வந்தாள். மற்றவள் கையில் நிறுத்து கடிகாரத்துடன் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்பவர்களின் தலைகளை எண்ணினாள். பதினைந்து நிமிடத்தில் 90 கோடுகள், அதாவது நிமிடத்துக்கு 6 பேர். எண்ணிய தலைகளின் சராசரி 12. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து நேரம் பார்க்காமலேயே, 12ஐ 6ஆல் வகுத்துச் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம் என்று சொல்லிவிடலாம். இதற்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் 1961இல் இதற்குப் பொதுவான நிரூபணம் தந்தார். மருத்துவமனைப் படுக்கைகள், கணினி வலையமைப்புகள் ஆகியவற்றின் கொள்ளளவைத் திட்டமிடவும் இதே விதிதான் பயன்படுகிறது.

மாணவர்கள் விதியை நம்பவில்லை. நல்லது. சேரும் நேரத்தைச் சிறு சீட்டில் எழுதிக் கொடுத்து, குழாயை அடையும்போது திருப்பி வாங்கி, நேரடியாகவும் அளந்தார்கள். வந்த விடை ஒன்றரை நிமிடம். விதி பொய் என்று மகிழ்ச்சியுடன் அறிவித்தார்கள்.

விதி பொய்யாகாது, ஆகவே எண்ணிக்கையில்தான் ஏதோ இருக்கிறது என்று மறுநாள் மீண்டும் போய் நின்று பார்த்தார்கள். வரிசையில் நின்றவர்களில் சிலர் தண்ணீர் குடிக்க வந்தவர்களே அல்லர். தோழியுடன் பேசிக்கொண்டு துணைக்கு நின்றவர்கள். கோடு போட்டவள் அவர்களை அறிந்திருந்ததால் கோடு போடவில்லை. தலை எண்ணியவளுக்கு எல்லாத் தலையும் தலையே. துணைக்கு நிற்பவர்கள் சராசரியாக மூவர். 12இலிருந்து 3 போக 9. 9ஐ 6ஆல் வகுத்தால் ஒன்றரை.

"வரிசையில் நிற்பவர்" என்றால் யார் என்று இருவரும் ஒரே பொருள் கொண்டிருந்தால்தான் சூத்திரம் வேலை செய்யும் என்பதை நான் கரும்பலகையில் ஒரு பாடவேளை முழுவதும் சொல்லியிருந்தாலும் அவர்கள் கொட்டாவிதான் விட்டிருப்பார்கள்.

ஜூன் 12

லிட்டில் விதி எட்டாம் வகுப்புக்கு மிகையல்லவா என்று கேட்கிறீர்கள். பெயர்தான் மிகை. உள்ளே இருப்பது ஒரே பொருளை இரு வழிகளில் எண்ணுவது மட்டுமே.

இடைவேளை முழுவதிலும் வரிசையில் செலவான மொத்த "ஆள்-நிமிடங்களை" எண்ணுவோம். கிடைமட்டமாக எண்ணினால், ஒவ்வொருவரும் காத்திருந்த நேரத்தின் கூட்டல்: 90 பேர், ஆளுக்குச் சராசரி ஒன்றரை நிமிடம், மொத்தம் 135. செங்குத்தாக எண்ணினால், ஒவ்வொரு நிமிடத்திலும் நின்றவர்களின் கூட்டல்: 15 நிமிடம், நிமிடத்துக்குச் சராசரி 9 பேர், மீண்டும் 135. இரண்டும் ஒன்றாகத்தானே இருக்க முடியும்? கட்டம் போட்ட தாளில் ஒவ்வொருவருக்கும் அவர் நின்ற நேரத்தின் நீளத்துக்கு ஒரு பட்டை வரையச் சொன்னால், நிரூபணம் தாளிலேயே தெரியும்.

ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளவும். எண்ணத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வரிசை காலியாக இருக்க வேண்டும். இல்லையேல் சிலருடைய பட்டைகள் தாளின் விளிம்பில் வெட்டுப்படும். இடைவேளைக்கு இந்த நிபந்தனை இயல்பாகவே பொருந்துகிறது. மணி அடித்ததும் குடித்தவரும் குடிக்காதவரும் கலைந்துவிடுகிறார்கள். அப்படிக் குடிக்காமல் போனவர்களுடைய காத்திருப்பும் சராசரியில் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அவர்களுடைய சீட்டுகளைக் கலையும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜூன் 12, சற்றுப் பின்

குழாய் கூடுதலாகக் கிடைத்ததா என்று கேட்டவருக்கு: இல்லை. துணைக்கு நிற்பவர்கள் தள்ளி நிற்க வேண்டும் என்ற அறிவிப்புதான் கிடைத்தது. கணக்குப் போட்டவர்கள் ஒரு வாரம் வகுப்பில் யாருக்கும் பிடிக்காதவர்களாக இருந்தார்கள்.

ஜூன் 16

வகுப்புகளில் கூட்டம் அதிகம் என்ற முறையீட்டையும் இதே போல் எடுத்துக்கொள்ளலாம். இதில் வேறொரு சுவை இருக்கிறது. நிர்வாகமும் மாணவரும் ஒரே பள்ளியைப் பார்த்து இரண்டு எண்களைச் சொல்வார்கள், இரண்டும் சரியாக இருக்கும்.

மூன்று வகுப்புகளில் முறையே 20, 30, 70 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். பள்ளியின் பதிவேட்டில் சராசரி வகுப்பு அளவு 120ஐ 3ஆல் வகுக்க, 40. இப்போது ஒவ்வொரு மாணவரிடமும் "உன் வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேட்டு அந்த 120 விடைகளின் சராசரியைப் பாருங்கள். 20 பேர் "20" என்பார்கள், 30 பேர் "30" என்பார்கள், 70 பேர் "70" என்பார்கள். கூட்டினால் 400, 900, 4900, மொத்தம் 6200. அதை 120ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52. நெரிசலான வகுப்பில் நெரிசலை உணர்வதற்கும் ஆட்கள் அதிகம் என்பதே காரணம்.

மேல்வகுப்பு மாணவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். இரு சராசரிகளுக்கும் உள்ள இடைவெளி, வகுப்பு அளவுகளின் விலக்க வர்க்கச் சராசரியை (ஒவ்வோர் அளவும் சராசரியிலிருந்து விலகும் தொலைவை வர்க்கமாக்கி எடுக்கும் சராசரி) அவற்றின் சராசரியால் வகுத்தால் கிடைப்பது. மேலே உள்ள எண்களுக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: விலக்க வர்க்கச் சராசரி 1400/3, அதை 40ஆல் வகுக்க 11.67. எல்லா வகுப்புகளும் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே இடைவெளி மறையும். நான் விலக்க வர்க்கச் சராசரியைப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன்; "இது எதற்கு?" என்று மாணவர் கேட்காமல் போன ஆண்டு, இதை முதலில் செய்துவிட்டுப் பிறகு சூத்திரத்துக்குப் போன ஆண்டுதான்.

ஜூன் 17

நட்பு முரண்பாட்டையும் சேர்த்திருக்கலாமே என்கிறார் ஒரு நண்பர். ஸ்காட் ஃபெல்ட் 1991இல் எழுதியது: சராசரியாகப் பார்த்தால், நம் நண்பர்களுக்கு நம்மைவிட அதிக நண்பர்கள் இருக்கிறார்கள். கணிதம் நேற்றுச் சொன்னதேதான். பெரிய வகுப்பின் இடத்தில் பலருடைய நண்பரான ஒருவரை வைத்தால் போதும்.

ஆயினும் வகுப்பில் "உன் நண்பர்களின் பெயர்களை எழுது" என்று தாள் கொடுத்து இதைச் செய்யாதீர்கள். யாருடைய தாளிலும் பெயர் வராத ஒரு குழந்தை அந்த அறையில் அமர்ந்திருக்கும். நட்புகளைக் கோடுகளாக வரையும் கோட்டுருவில் அது பூச்சியப் படி உள்ள, அதாவது எந்தக் கோடும் வந்து சேராத ஒரு புள்ளி, வகுப்பில் அப்படியில்லை. கற்பனையான பெயர்களைக் கொண்டு செய்தாலும் கணிதம் குறைந்துபோவதில்லை.

ஜூன் 17, மாலை

"பாதி மாணவர்கள் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள், இது வெட்கக்கேடு" என்று ஒரு கூட்டத்தில் பேசப்பட்டதை மேற்கோள் காட்டியவருக்கு: பாதிப்பேர் கீழே இருப்பது இடைநிலையின், அதாவது மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணின், இலக்கணம். அதைத் தவிர்க்க எந்தச் சிறப்பு வகுப்பாலும் முடியாது. சராசரியையோ எளிதில் வெல்லலாம். 40 பேரில் 39 பேர் 41 மதிப்பெண்ணும் ஒருவர் பூச்சியமும் வாங்கினால், 39 பேர் சராசரிக்கு மேல். அந்த ஒருவர் யார் என்று மட்டும் முடிவு செய்ய வேண்டும்.

ஜூன் 22

குழுக்களை மாற்றி அமைப்பதைப் பற்றி இன்று. இது நீண்ட குறிப்பு, பொறுத்துக்கொள்ளவும்.

மூவர் மூவராகக் குழு அமைத்து வேலை செய்கையில், எப்போதும் அதே மூவர் சேர்ந்துகொள்கிறார்கள். எல்லாரும் எல்லாருடனும் ஒருமுறையாவது, ஒரே ஒருமுறை மட்டும், ஒரே குழுவில் இருக்கும்படி நாள்தோறும் குழுக்களை மாற்ற முடியுமா? வகுப்பறையில் எழும் இந்தச் சாதாரண வேண்டுகோளுக்குள், பொருள்களைத் தேர்ந்து அடுக்கும் வழிகளை ஆராயும் சேர்வியலின் ஒரு பெரும் பகுதி அடங்கியிருக்கிறது.

ஒன்பது பேரிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் ஒரு நாளில் புதிதாக இருவரைச் சந்திக்கிறார். சந்திக்க வேண்டியவர்கள் எட்டுப் பேர். எனவே நான்கு நாள். 1 முதல் 9 வரை மூன்று வரிசைகளில் எழுதிக்கொண்டால் முதல் நாள் கிடை வரிசைகள், இரண்டாம் நாள் நெடு வரிசைகள். மூன்றாம் நாள் எது? மாணவர்கள் இங்கே வந்து நிற்பார்கள். 1-5-9 என்ற மூலைவிட்டம் கண்ணில் படும். அதற்குத் துணையான மற்ற இரு குழுக்கள் படாது. தாளைச் சுருட்டி உருளையாக்கினால் படும்: 2-6-7, 3-4-8. எதிர்த்திசையில் 3-5-7, 1-6-8, 2-4-9. முடிந்தது. தாளைச் சுருட்டலாம் என்பதை நான் சொல்வதில்லை. யாராவது ஒருவர் ஒவ்வொரு வரிசையும் அதன் கடைசி எண்ணுக்குப் பிறகு மீண்டும் தொடங்குவதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும்வரை காத்திருக்கிறேன்.

பன்னிரண்டு பேர் என்றால்? சந்திக்க வேண்டியவர்கள் 11, ஒரு நாளைக்கு இருவர், 11 ஒற்றைப்படை. முடியாது. எத்தனை முறை முயன்றாலும் முடியாது என்பதை மூன்று சொற்களில் காட்டிவிடலாம் என்பது குழந்தைகளுக்குப் பெரும் விடுதலையாக இருக்கிறது. முடியவில்லை என்பதற்கும் முடியாது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வேறெங்கும் அவர்கள் இவ்வளவு மலிவாகப் பெறுவதில்லை.

பதினைந்து பேருக்கு 14இன் பாதி, ஏழு நாள். இதுவே தாமஸ் கிர்க்மன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1850இல் ஓர் ஆண்டிதழில் வெளியிட்ட புதிர்: ஒரு பள்ளியின் பதினைந்து மாணவியர் ஏழு நாள் மூவர் மூவராக நடந்து செல்ல வேண்டும், எந்த இருவரும் இரண்டாம் முறை ஒரே குழுவில் வரக் கூடாது. பதினைந்து பேருக்கு விடை உண்டு. ஆனால் 21, 27, 33 என்று, ஆறால் வகுத்தால் மீதி மூன்று வரும் எல்லா எண்ணிக்கைகளுக்கும் விடை உண்டு என்பதை நிறுவ நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ரே-சௌதுரியும் வில்சனும் 1971இல் நிரூபணத்தை வெளியிட்டார்கள். சீனாவின் உள் மங்கோலியாவில் பள்ளியொன்றில் இயற்பியல் கற்பித்துவந்த லூ ஜியாசி 1965 வாக்கிலேயே அதைச் செய்து முடித்திருந்தார். இதழ்கள் ஏற்காததால் அது உலகுக்குத் தெரியவில்லை. பிற்பாடு வேறொரு பெரிய சேர்வியல் வினாவில் அவர் செய்த வேலை ஏற்கப்பட்டு வெளிவரத் தொடங்கிய 1983இலேயே அவர் இறந்துபோனார். பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே இரவில் எழுதியவர் என்பதால் அவரைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது என்று மாணவர்கள் சொல்கிறார்கள்.

ஜூன் 24

"ஒருவர் விடுப்பு எடுத்தால்?" என்ற ஒற்றை வரிக் கேள்விக்கு நான் இரு நாள் யோசித்தேன்.

ஒருவர் விடுப்பு எடுத்தால் கிர்க்மன் ஏற்பாடு அன்றைக்கு உடைகிறது; அவர் சந்திக்க வேண்டிய இருவரையும் அவர் இனிச் சந்திக்கப் போவதில்லை. அழகிய விடைகள் பெரும்பாலும் இப்படித்தான், ஓர் ஆள் காய்ச்சலில் படுத்தால் தாங்குவதில்லை. எனவே "ஒரே ஒருமுறை மட்டும்" என்பதை விட்டுவிட்டு, "முடிந்தவரை குறைவாக மீண்டும் சந்திக்கட்டும்" என்று மாற்றினால் என்ன ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டேன். இதற்கு ஒரே விடை கிடையாது. யாருடைய அட்டவணை மேல் என்று ஒப்பிட ஓர் அளவுகோலை அவர்களே அமைக்க வேண்டியதாயிற்று. ஒரு குழு, மீண்டும் சந்தித்த இணைகளை எண்ணியது. மற்றொரு குழு, ஒருமுறைகூடச் சந்திக்காத இணைகளை எண்ணியது. ஒரே அட்டவணை முதல் அளவுகோலில் வென்றது, இரண்டாவதில் தோற்றது. முழுமையான விடையைவிட இந்தச் சண்டையில் அதிகக் கணிதம் நடந்தது என்பது என் கருத்து.

ஜூன் 30

கால அட்டவணையைப் பற்றிச் சுருக்கமாக. ஆசிரியர்கள் ஒரு பக்கம், வகுப்புகள் மறுபக்கம். ஒவ்வொரு பாடவேளையும் இரண்டையும் இணைக்கும் ஒரு கோடு. ஒரு நாளில் குறைந்தது எத்தனை மணிநேரப் பிரிவுகள் வேண்டும்? மிக அதிகச் சுமையுள்ள ஆசிரியர் அல்லது வகுப்பின் பாடவேளைகளைவிடக் குறைவாக இருக்க முடியாது என்பது எவருக்கும் தெரியும். அதுவே போதும் என்பதுதான் வியப்பு. தேனேஷ் கோனிக் 1916இல் நிறுவியது அது.

பிறகு ஏன் ஒவ்வோர் ஆண்டும் அட்டவணை போடுபவர் தலையைப் பிடித்துக்கொள்கிறார்? "எனக்கு முதல் பாடவேளை வேண்டாம்", "நான் நண்பகலுக்குப் பின் இருக்கமாட்டேன்" என்பவர்களால். ஆசிரியர்களுக்கு இயலாத நேரங்கள் என்ற நிபந்தனையைச் சேர்த்ததும் இது மிகக் கடினமான வினாக்களின் வகையில் போய்ச் சேருகிறது என்று ஈவன், இட்டாய், ஷமீர் மூவரும் 1976இல் காட்டினார்கள். எல்லா நிலைகளிலும் விரைவாக விடை தரும் வழிமுறை எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

இதை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். ஒருவரும் தம் நிபந்தனையைத் திரும்பப் பெறவில்லை.

ஜூலை 4

மதிப்பெண்ணைத் தொடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொடலாம், ஆனால் மாணவர்களின் உண்மையான மதிப்பெண்களைக் கொண்டு தொடங்கவேண்டாம். பகடையைக் கொண்டு தொடங்குங்கள்.

எல்லாரையும் ஆளுக்கொரு பகடை உருட்டச் சொன்னேன். 1 அல்லது 2 விழுந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, உழைப்பின் அருமை பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். 6 விழுந்தவர்களைக் கைதட்டிப் பாராட்டினோம். மீண்டும் உருட்டச் சொன்னேன். திட்டு வாங்கியவர்களின் சராசரி ஒன்றரைக்குப் பக்கத்திலிருந்து மூன்றரைக்குப் பக்கத்தில் உயர்ந்தது. பாராட்டப்பட்டவர்கள் ஆறிலிருந்து அதே மூன்றரைக்கு இறங்கினார்கள். திட்டினால் முன்னேறுகிறார்கள், பாராட்டினால் கெட்டுப்போகிறார்கள் என்று கரும்பலகையில் எழுதினேன். சில நொடி அமைதி. பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஐயா, பகடைக்குக் காது இல்லையே" என்றான்.

ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டு விவரித்த "சராசரியை நோக்கித் திரும்புதல்" இதுதான். தேர்வு மதிப்பெண்ணில் திறமையும் இருக்கிறது, அன்றைய தற்செயலும் இருக்கிறது: படித்த வினா வந்தது, தலைவலி வந்தது. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்தால், அன்று தற்செயல் கைவிட்டவர்கள் அக்கூட்டத்தில் மிகுதியாக இருப்பார்கள். அடுத்த தேர்வில் அவர்கள் யார் திட்டினாலும் திட்டாவிட்டாலும் சற்று உயர்வார்கள். பகடை முழுக்கத் தற்செயல் ஆதலால் சராசரி வரைக்கும் திரும்புகிறது. தேர்வு ஓரளவே தற்செயல் ஆதலால் ஓரளவே திரும்பும். எந்த அளவுக்கு என்பதை இரு தேர்வுகளின் மதிப்பெண்களுக்கு இடையேயான ஒட்டுறவு, அதாவது அவை எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, சொல்லிவிடும்.

ஜூலை 5

அப்படியானால் திட்டுவது பயனற்றது என்று நிறுவப்பட்டுவிட்டதா என்கிறீர்கள். இல்லை. திட்டியபின் வந்த உயர்வு திட்டின் பயனுக்குச் சான்றாகாது என்பது மட்டுமே நிறுவப்பட்டது. பயனை அறிய வேண்டுமானால் அதே அளவு குறைந்த மதிப்பெண் பெற்றும் திட்டு வாங்காத ஒரு குழுவுடன் ஒப்பிட வேண்டும். அப்படியொரு குழுவைத் தேடியதில் எங்கள் பள்ளியில் கிடைக்கவில்லை.

ஜூலை 9

பிறந்தநாள் கணக்கைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: 23 பேர் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய 50.7 விழுக்காடு வாய்ப்பு என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, வியப்பும் தேய்ந்துவிட்டது. செய்வதானால், வகுப்பில் இரட்டையர் இருக்கிறார்களா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவும்.

ஜூலை 13

தேர்வில் பார்த்து எழுதுவது எவ்வளவு பரவலானது என்று தம் மாணவர்கள் ஆராய விரும்புவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நேரில் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்கிறார். சரிதான். ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது; ஸ்டான்லி வார்னர் 1965இல் முன்வைத்த முறையின் எளிய வடிவம்.

ஒவ்வொருவரும் யாரும் பார்க்காமல் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவாயினும் தாளில் "ஆம்" என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். "ஆம்" என்ற தாளைப் பார்க்கும் எவராலும் அது நாணயத்தின் ஆமா, மாணவரின் ஆமா என்று சொல்ல முடியாது. 40 தாள்களில் 26 "ஆம்" வந்தால், அவற்றில் ஏறத்தாழ 20 நாணயத்தினுடையவை; மீதி 6, உண்மையைச் சொன்ன 20 பேரிடமிருந்து வந்தவை. எனவே 30 விழுக்காடு.

இங்கே நிறுத்திவிட்டால் பாதிக் கணிதம்தான். நாற்பது முறை சுண்டினால் சரியாக இருபது தலை விழுமா? திட்ட விலக்கம், அதாவது இருபதிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, மூன்றுக்குச் சற்று மேல். மாணவர்கள் தங்கள் நாணயங்களைக் கொண்டு இதைத் தனியாகச் சோதித்துவிட்டு, 30 என்ற விடைக்குத் திரும்பினால், அது 15ஆகவும் இருக்கலாம், 45ஆகவும் இருக்கலாம் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். அந்த 15 புள்ளித் தளர்ச்சிதான் மறைவுக்குக் கொடுக்கும் விலை. ஆயிரம் பேர் கொண்ட பள்ளி முழுவதிலும் செய்தால் தளர்ச்சி 3 புள்ளியாகச் சுருங்கும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நாணயத்துக்குப் பதிலாகப் பகடை வைத்து, 6 விழுந்தால் மட்டும் பொய் "ஆம்" என்று விதித்தால் விடை கூர்மையாகுமே என்றாள். ஆகும். ஆனால் அப்போது "ஆம்" எழுதியவர்மீது ஐயம் கூடும், உண்மையை எழுதுபவர் குறைவார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைச் சூத்திரம் சொல்லாது. அந்த வகுப்பில் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஜூலை 14

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த முறையில் தனி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைத் தலைமையாசிரியருக்கு முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பின்னர் "அந்த ஆறு பேர் யார்?" என்று கேட்கப்படும்.

ஜூலை 20

இத்தகைய வேலைக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் விடைக்குக் குறைவாகவே இடுகிறேன். இரு கேள்விகளைக் கேட்கிறேன்: எதை எண்ணாமல் விட்டாய், ஏன்? உன் விடை பிழையானால் அது உனக்கு எப்படித் தெரியவரும்? குழாயடியில் சீட்டுக் கொடுத்து அளந்தவர்களுக்கு இரண்டாவது கேள்விக்கு உடனே விடை இருந்தது. அழகான தாளில் வண்ணத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்த சிலருக்கு இல்லை. வண்ணத்துக்கு மதிப்பெண் உண்டா என்று கேட்டார்கள். ஓவியப் பாடத்தில் உண்டு என்றேன்.

ஜூலை 21

காலை வணக்கக் கூட்டத்தில் உயர வரிசையில் நிற்க நேரமாகிறது என்ற முறையீட்டுக்கு, கேட்டபடி வழிமுறை இதோ. முதல் சுற்றில் 1-2, 3-4, 5-6 என்ற இணைகள் தங்களுக்குள் ஒப்பிட்டு, தேவைப்பட்டால் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அடுத்த சுற்றில் 2-3, 4-5, 6-7. இப்படி மாறி மாறிச் சென்றால் 40 பேருக்கு அதிகபட்சம் 40 சுற்றுகள் போதும். ஆசிரியர் ஒருவரே பக்கத்தில் நிற்கும் இருவரை மட்டும் ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டு போனால், மிக மோசமான நிலையில் 780 மாற்றங்கள் ஆகும். அடுத்தடுத்த இரு சுற்றுகளில் யாரும் இடம் மாறவில்லை என்றால் வரிசை முடிந்துவிட்டது. 40வது சுற்றுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

உயரம் சமமாக இருப்பவர்கள் இடம் மாறக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவும். நாங்கள் முதல்முறை செய்தபோது, ஒரே உயரமுள்ள இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டே இருந்தார்கள், மணி அடித்துவிட்டது.